மூன்றரை ஜி மாமனார்

ஒரகடம் வட்டாரத்தில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பிறந்திருக்கிறான். மொபைல் கடை வைத்திருக்கிறான்.

நான் படித்தது ஐந்தாவது. வெறுங்கையோடு தொடங்கி, கம்பெனிக்கு வரும் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட இருபது அறை கட்டினேன். (ஒரு ஆணி கூடுதலாக அடித்த அறைக்கு ‘டீலக்ஸ்’ என்று பெயர். வாடகையும் கூடுதல்.)

ஊரெல்லாம் 3ஜி விளம்பரம் தொங்கிய காலத்தில் மகள் கலாவுக்கு சிங்கப்பூர் வரன் வந்தது. பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம், பிடித்தால் வந்து நிச்சயம் செய்கிறோம் என்றார்கள்.

“தண்டலம் காலேஜாண்ட நெட் சென்டர் கீதுப்பா. ஒயர் கனெக்‌ஷன். அங்க போயிடலாம்” என்றாள் கலா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்குப் போய், கம்ப்யூட்டரில் செருகினால் ஒயர் இல்லாமலே நெட் வரும் குச்சி ஒன்று வாங்கிவந்தேன். டப்பாவில் பெரிதாக ‘3.5G’. ஊரே மூன்றில் நிற்க, நான் மட்டும் மூன்றரை. கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. (எனக்குப் பெரிய எழுத்தே எழுத்துக்கூட்டித்தான் வரும்.) காலையில் கலாவின் லேப்டாப்பில் செருகிப் பார்த்தோம். பறந்தது.

நல்ல நேரம் மதியம் மூன்றரை என்றார் ஜோசியர். முதல் ஷிப்ட் விடும் நேரமும் அதுதான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. சம்பந்தி வீட்டார் திரையில் தெரிந்ததும், “எங்க வூட்ல மூன்றரை ஜி...” என்று வாயைத் திறந்தேன். அதே சமயம் பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும், என் வாடகைக்காரர்கள் உட்பட, ஊருக்குப் போன் போட்டார்கள். இருக்கிற ஒரே டவரில் போன் பேச்சுக்கு வழிவிட்டு நெட் மூச்சுமுட்டி நின்றது. திறந்த வாயோடு படம் உறைந்துபோக, சிங்கப்பூரில் பத்து நிமிஷம் தெரிந்தது என் உள்நாக்கு மட்டும்தான்.

பட்டுப்புடவையில் கதவோரம் நின்ற கலா திரைக்கு வரவேயில்லை. “என் கல்யாணத்தயும் உன் வாயாலயே முடிச்சுட்டபா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது அவள் அம்மாவின் பழைய பட்டன் போன் அடித்தது. பையன்தான்.

“உங்கப்பா எப்பவும் இப்படித்தானா?”

“வாய மூடி நானே பாத்ததில்லீங்க.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பஸ்ஸெல்லாம் போன பிறகும் பேசினார்கள்.

மறுநாள் கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் பொடி எழுத்தைக் காட்டினான். “வேகம் இவ்வளவு ‘வரை’ன்னுதான அண்ணாச்சி போட்டிருக்கு? சைபரும் அதுக்குள்ளதான வரும்?” பிறகு மெதுவாகச் சொன்னான்: “ரெண்டு வருசம் உங்க டீலக்ஸ் ரூம்லதான் இருந்தேன். அந்த ஆணியில சட்டைய மாட்டி மாட்டித்தான் தொழில் படிச்சேன்.”

கல்யாணம் நடந்தது. நான் கூப்பிட்டால் மாப்பிள்ளை போனில் இன்றும் அந்த உள்நாக்குப் படம்தான் வருகிறது. நான் எதைப் பீற்றினாலும் என் மனைவி ‘வரை’ என்று ஒட்டிவிடுவாள். பேரன் பிறந்தபோது, முழுக்க என் ஜாடை என்றேன்.

“வாய் வரை” என்றாள்.