கொக்கிப்பட்டினம் தங்கள் கடைவாசலில் இருப்பது பற்றி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், தங்கள் தங்கை ஸ்தானத்தில் இருக்கும் என் வீட்டுக்காரி, தங்கள் மாப்பிள்ளை, தங்கள் மகள் நால்வரும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், சென்ற வியாழக்கிழமை என்னை அண்ணாந்து பார்த்ததில் தங்கள் கழுத்தில் பிடித்த சுளுக்கு இதற்குள் விட்டிருக்கும் என்றும் நம்புகிறேன்.

அன்று காலை பத்தரை மணிக்கு, தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை முகப்பில் மாட்டியிருக்கும் அந்த ராட்சதத் தகரக் கண்ணாடியின் இடது வட்டத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஏணியின் கடைசிப் படியில், கையில் அளவு நாடாவோடு நான் நின்றதற்கான காரணத்தைத் தங்களுக்கு விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தாங்கள் வெளியே வந்து, “யாருய்யா அது?” என்று கேட்டதும், நான், “சம்பந்தி, நான்தான்” என்றதும், “அங்க என்ன பண்றீங்க?” என்று தாங்கள் கேட்டதற்கு, “சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்” என்று பதில் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏணியும் எடுத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி அந்தப் பக்கமாக வருவான் என்று தாங்கள் கேட்காதது தங்கள் பெருந்தன்மை. எதிர்த்த தையற்கடைக்காரர் சோப்புத் தண்ணீரை என் காதோரம் ஊற்றி என்னை உருவி எடுத்ததும், வட்டம் ஆணியோடு பெயர்ந்து தங்கள் சைக்கிள் மேல் விழுந்ததும், ரயிலுக்கு நேரமாயிற்று என்று நான் ஓடியதும் நடந்தவையே. ஆனால் ரயில் மூன்று மணிக்குத்தான். அதுவரை பிளாட்பாரத்தில் தலையில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் எங்கள் தெரு முடிதிருத்துபவர். அவர் கடையில் என் முறை வரும்வரை புரட்டட்டும் என்று ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். “பறக்கும் பால்காரி” என்று பெயர். கொக்கிப்பட்டினம் என்ற ஊரில் ஒரு பெண் காலையும் மாலையும் பால்கேனோடு ஆகாயத்தில் பறந்து பால் ஊற்றுகிறாள், இடையிடையே அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறாள். வரைந்தவர் தன் பெயரைப் போடாமல் “மைக்கறை” என்று மட்டும் போட்டிருந்தார். தங்களுக்குத் தெரியும், நான் முப்பத்து மூன்று வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் வடக்கு எது என்று தேடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தச் சித்திரக்கதைக்காரர்கள் பொதுவாக ஊர் விஷயத்தில் மகா மோசம். ஒன்றில் நதி மலை மேல் ஏறுகிறது. இன்னொன்றில் முதல் பக்கத்தில் தீவாக இருந்த நாட்டுக்குக் கடைசிப் பக்கத்தில் லாரி போகிறது. இந்த மைக்கறையையும் ஒரு கை பார்க்கலாம் என்றுதான் பென்சிலை எடுத்தேன். நாற்காலி காலியானதும் முடிதிருத்துபவர் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த நாலு பேர் முடிவெட்டிக்கொண்டு போனார்கள்.

பால்காரி காலையில் மணிக்கூண்டிலிருந்து மீன் சந்தைக்குப் பறக்கும்போது நிழல் அவளுக்கு இடது பக்கம் விழுகிறது. மாலையில் அதே வழியில் திரும்பும்போதும் இடது பக்கமே விழுகிறது. அகப்பட்டான் திருடன் என்று துள்ளிவிட்டேன். அப்புறம் யோசித்தால், போகும்போது அவள் பார்ப்பது வடக்கு, வரும்போது தெற்கு. காலையில் வெயில் கிழக்கே, மாலையில் மேற்கே. இரண்டு வேளையும் நிழல் இடது பக்கம்தானே விழும்! தப்பு என்னுடையது. சம்பந்தி, என் சர்வீஸில் என்னைத் திருத்தியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கலெக்டர். மூன்றாவதாக ஒரு சித்திரக்கதைக்காரர் வந்து நின்றார். மறுநாளே அலைந்து இதுவரை வெளிவந்த பதினோரு இதழ்களையும் வாங்கிவந்தேன். ஒவ்வொரு கட்டமாக அளந்து ஊரை வரைபடமாகப் போட்டேன். ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில்கூட மனிதர் சறுக்கவில்லை. மூன்றாம் இதழில் வலது பக்கம் திரும்பும் சந்து ஒன்பதாம் இதழில், அதுவும் மேலிருந்து பார்க்கும்போது, சரியாக அதே இடத்தில் திரும்புகிறது. எங்கள் ஆபீசில் எட்டுப் பேர் சேர்ந்து போட்ட வரைபடத்தில் ஒரு குளத்தையே விட்டிருந்தோம்.

இவ்வளவு சுத்தமாக ஒரு ஊரைக் கற்பனையில் கட்ட முடியாது, எங்கோ நிஜமாக இருக்கிறது என்று பட்டது. கடற்கரை ஊர்களின் அளவை வரைபடங்களை வாங்கி, ட்ரேசிங் தாளை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். பதினாறு ஊர் தேறவில்லை. பதினேழாவது தங்கள் ஊர். கொக்கி போல் வளைந்த துறைமுகம், இரண்டு முறை முறுக்கிக்கொள்ளும் ரயில் பாதை, ஏழு சந்து, எல்லாம் உறையில் கத்தி போல் உட்கார்ந்தன. தங்கள் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பென்ஷன் வாங்கறவங்க வாக்கிங் போவாங்க, கோயிலுக்குப் போவாங்க. நீங்க இல்லாத ஊருக்கு வழி தேடுறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. கதையில் பால்காரி களைத்தால் உட்கார்ந்து ஓய்வெடுப்பது ஒரு பெரிய மூக்குக்கண்ணாடியின் வட்டத்துக்குள். அங்கிருந்து பார்த்தால் மணிக்கூண்டும் துறைமுகமும் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றன. தங்கள் கடை முகப்பு ஞாபகம் வந்தது. அந்த வட்டத்துக்குள்ளிருந்து பார்த்தாலொழிய நிரூபணமாகாது. அதனால்தான் தலையை விட்டேன். தெரிந்தது, சம்பந்தி! மணிக்கூண்டு, அதன் பின்னால் நூல் பிடித்தாற்போல் துறைமுகம். தாங்கள் “யாருய்யா அது” என்று கேட்டபோது என் கண்ணில் நீர் நின்றது சோப்பினால் அல்ல. சோப்பு பிறகுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். இதழ்களில் வராத ஒரு சந்தை மட்டும் அளவை வரைபடத்தைப் பார்த்து நேர்கோடாகப் போட்டிருந்தேன். தட்டு வைக்க வந்த மருமகள் ஒரு நிமிஷம் பார்த்தாள். “மாமா, இந்தச் சந்து இப்படி நேரா போகாது. கிணத்தைச் சுத்திப் போகும்” என்றாள்.

“கிணறு எங்கம்மா இருக்கு? அளவை வரைபடத்துல இல்லையே.”

“இப்ப இல்ல. நான் ஆறாவது படிக்கிறப்ப மூடிட்டாங்க.”

“சரிம்மா, ஆனா கொக்கிப்பட்டினத்துல எந்த இதழ்லயும் கிணறு வரலையே.”

அவள் தட்டை நீட்டினாள். தட்டைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு மை. இரண்டு வருஷமாக மாடி அறையில் கம்ப்யூட்டரில் ஏதோ கம்பெனி வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். ஒரே கூரையின் கீழ் மைக்கறையை வைத்துக்கொண்டு பதினேழு ஊர் தேடியிருக்கிறேன். தங்கள் மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியுமாம். “நீங்க தப்பு கண்டுபிடிப்பீங்கன்னு பயந்து சொல்லல” என்கிறான்.

அவள் என்னை மாடிக்கு அழைத்துப்போய் எல்லாப் படங்களையும் காட்டினாள். கொக்கிப்பட்டினத்தில் இருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர், பால்காரி வழி தவறும்போதெல்லாம் திசை சொல்லும் கலங்கரை விளக்கக் காவலர். மற்றவர் வில்லன், வாய்ப்பூட்டு வேந்தர். ஊரில் எல்லார் வாயையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர். இப்படி ஒரு பிறவியை எங்கிருந்துதான் பிடித்தாளோ என்று வியந்தேன். “திசையெல்லாம் இவ்வளவு சுத்தமா எப்படிம்மா?” என்று கேட்டேன். “கடை மாடி ஜன்னல்லேர்ந்து அப்பாதான் தூக்கிக் காட்டுவாரு மாமா. அந்தக் கண்ணாடி வட்டத்துக்குள்ள தலைய விட்டு, எது கிழக்கு, கப்பல் எந்தப் பக்கம் வரும்னு தினமும் கேப்பாரு. தப்பா சொன்னா இறக்கி விட மாட்டாரு” என்றாள். அவள் பேங்க் வேலையை விட்ட அன்றிலிருந்து தாங்கள் அவளிடம் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். அது அப்பா மகள் விவகாரம், நான் நுழைய மாட்டேன். ஆனால் தொழில்முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பார்த்த அளவையாளர்களிலேயே சிறந்தவர் தாங்கள். சங்கிலி இல்லாமல், கருவி இல்லாமல், ஒரு ஊரை முழுசாக ஒரு குழந்தையின் தலைக்குள் ஏற்றியிருக்கிறீர்கள். அதில் ஓர் அடிகூடப் பிசகவில்லை.

நான் இதை எழுதுவது மருமகளுக்குத் தெரியாது. தெரிந்ததாகத் தாங்கள் எக்காரணம் கொண்டும் காட்டிக்கொள்ள வேண்டாம். பதினோரு இதழ்களும் தனிப் பார்சலில் வருகின்றன. யாரோ கடையில் மறந்துவிட்டுப் போன புத்தகம்போல் நினைத்துப் படியுங்கள். திசை சொல்லும் அந்தக் காவலர் தாங்கள்தான் என்பது என் கணிப்பு. பெயர்ந்த வட்டத்தைப் பொருத்த ஆள் அனுப்புகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், தங்கள் கழுத்துக்கு என் மன்னிப்பும், தையற்கடைக்காரருக்கு என் நன்றியும். தாங்கள் நூறாண்டு நல்ல பார்வையோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கவரில் போடுவதற்குள் மருமகள் படித்துவிட்டாள். எழுத்துப்பிழை நாலு திருத்தினாள். என் கணிப்பு பாதிதான் சரியாம். காவலர் தாங்கள்தான். வாய்ப்பூட்டு வேந்தரும் தாங்கள்தானாம். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று பன்னிரண்டாம் இதழில் தெரியவேண்டும். முகத்தை எப்படி வரைவது என்று ஆறு மாதமாகத் திணறுகிறாளாம். தபாலும் வேண்டாம், பார்சலும் வேண்டாம் என்று இதழ்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, இந்தக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு போக அவளே புறப்பட்டு நிற்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்பது அவள்தான். இத்தனை பக்கமும் படிக்கும்வரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தால் குற்றம் என்னுடையது, இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். சட்டென்று உள்ளே கூப்பிடுங்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறாள்.