டுவைட் யாருடைய குடும்பம்?

குடும்பம் என்றால் என்ன என்று ஞானிகள் பல நூற்றாண்டுகள் யோசித்துக் களைத்தார்கள். எங்கள் அமெரிக்க வானொலிச் சட்டமோ அதை ஒரே பத்தியில் முடித்துவைத்தது. வாக்கி-டாக்கிக்கு ஒருவர் உரிமம் எடுத்தால் போதும். மனைவி, மக்கள், பாட்டன், மாமன், மைத்துனி, உடன்பிறந்தாள் மகன் வரை அனைவரும் அதிலேயே பேசலாம். அயலார் பேசலாகாது. அன்பு எதுவரை செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கல் உண்டா?

கைபேசி எட்டாத எங்கள் மொன்டானா மலைப் பள்ளத்தாக்கில் அந்த எல்லையைக் காப்பது 'அலைவரிசை ஒழுக்கக் கழகம்'. தலைவர் ஆர்வில் ஸ்டெனெருட், செயலாளர் அடியேன். சென்ற ஜனவரியில் ஒரு வியாழன் பிற்பகல், நாங்கள் எழுவரும் கழக மண்டபத்தில் கூடியிருந்தபோது மேசைமேலிருந்த கருவி கரகரத்தது.

"நான் டுவைட். பனிவண்டி கவுந்து கால் அடியில மாட்டிக்கிச்சு. பழைய மரப்பாலத்துக்கிட்ட. யாராவது வாங்க!" பிறகு முறைப்படி, மார்லிஸ் ஹாகனின் உரிம எண்ணையும் சொன்னான்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உனக்கும் மார்லிஸுக்கும் திங்கக்கிழமையே விவாகரத்து ஆயிடுச்சு. அவ எண்ணு இனிமே உனக்குச் செல்லாதுப்பா."

"உயிர் போற அவசரத்துக்கு யாரும் பேசலாம்னு சட்டத்துலயே இருக்கே!"

"எவ்வளவு நேரம் தாங்குவே?"

"ஒரு மணி நேரம்..."

"அப்ப அவசரம் இல்ல. குறிச்சுக்குங்க."

குறித்துக்கொண்டேன்.

கருவி சிறிது முனகியது. "ஆர்வில் மாமா! நான் உங்க சொந்த அக்கா மகன். உங்க உரிமத்துலயே பேசறேன், போதுமா?"

அவை மெய்சிலிர்த்தது. தலைவரின் கண்கள் கலங்கின. "நல்லாச் சொன்னேடா! ஆனா முன்னாடி சொன்ன எண்ணு தப்பாச்சே. என் எண்ணைச் சொல்லி முதல்லேர்ந்து கூப்பிடு."

"அது எனக்குத் தெரியாதே, மாமா!"

"மாமன் எண்ணு தெரியாம என்னடா மருமகன் நீ?"

அப்போது கதவு படாரெனத் திறந்தது. வாசலில் மார்லிஸ். தன் கருவியில் அனைத்தையும் கேட்டுவிட்டுப் பாலத்துக்குப் போகும் வழியில் இங்கே வண்டியை நிறுத்தியிருக்கிறாள்.

"இன்னுமா உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

"அவன் இப்ப உனக்கு அயலான், மார்லிஸ்," என்றார் தலைவர் கனிவோடு.

"வீட்டை விட்டுத்தான் துரத்தினேன், உலகத்தை விட்டா துரத்தினேன்?"

போய்விட்டாள். அவனைத் தனியாளாக இழுத்தெடுத்து மருத்துவரிடம் சேர்த்தாள். கால் பிழைத்தது, பனியில் விறைத்த இரு விரல்கள் போயின.

அயலான் ஒருவன் தன் எண்ணைப் பயன்படுத்த இடமளித்ததற்காக மார்லிஸைக் கண்டித்து, கழகம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதை அழகிய கையெழுத்தில் எழுதியவன் நானே.

வலையில் சிக்கிய புறாக்களின் கதையை பள்ளி ஆசிரியனாக முப்பத்தோராண்டு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வலையைக் கடித்த எலிக்குப் புறாக்கள் உறவல்ல. பற்கள் இருந்தன, கடித்தது. நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெறாத ஒன்றை மட்டும் இங்கே சேர்த்துவிடுகிறேன்: அன்று மண்டப வாசலில் எங்கள் வண்டிகள் ஏழும் நின்றன. ஏழிலும் இழுவைச் சங்கிலி இருந்தது.