பாலித் தீவில் ஒரு கொற்கைக்காரர்

பாஸ்போர்ட்டில் பெயர் போடுகிறார்கள், பிறந்த ஊர் போடுகிறார்கள். 'நம்மூர்ல இருந்து போனதுதான்' இனத்தைச் சேர்ந்தவர் என்று மட்டும் போடுவதில்லை. இந்த இனத்தார் வெளிநாட்டுக்குப் புதிதாக எதையும் பார்க்கப் போவதில்லை. நம்மிடமிருந்து போன சாமானெல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறதா என்று சரிபார்த்து வரப் போகிறார்கள்.

தூத்துக்குடி செல்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது கீழே நின்று, உச்சியில் இருக்கும் கிரேன்காரருக்குக் கைச்சைகை காட்டுகிற உத்தியோகம். மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில், டீச்சராக இருக்கும் மனைவி ஜெயஷீலாவோடு, சர்ச்காரர்கள் சேர்ந்து கிளம்பிய டூரில் பாலித் தீவுக்குப் போனார். இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார். சோற்றைப் பார்த்தார், அந்தக் காலத்து முத்துத் துறைமுகமான நம்ம கொற்கையிலிருந்து போனது என்றார். மீன்குழம்பைப் பார்த்தார், கொற்கை. கோவில் வாசலில் விரித்திருந்த குடையைப் பார்த்தார், அதுவும் கொற்கை. அந்தக் கொற்கைக்கு இவர் எத்தனை தடவை போயிருப்பார் என்கிறீர்கள்? ஒரே தடவை. ஏரலுக்குப் போன பஸ் அங்கே மக்கர் பண்ணியபோது.

சாயங்காலம் ஊர்ப் பொது மண்டபத்தில் நாட்டியம். மூங்கில் வாத்தியம் கலகலக்க, மேளம் முழங்க, தங்க நிறக் கிரீடமும் கையில் விசிறியுமாக ஒரு பெண் கண்ணை உருட்டி உருட்டி ஆடினாள். ஜெயஷீலா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, அந்தக் கண்ணப் பாத்தியா? கொற்கைக்கு முத்து வாங்க வந்த கப்பல்காரன் கூட்டிட்டுப் போன ஆட்டக்காரி வம்சம் இது."

"ஆட்டம் அங்கன நடக்கு. உங்க வாயில இல்ல. பேசாம இருங்க."

பின்வரிசையில் பெனிஸ்டன். டூரில் நடப்பதையெல்லாம் படம் பிடித்து உடனுக்குடன் சர்ச் வாட்ஸ்அப் குழுவில் போடுகிற புண்ணியவான்.

"அப்போ இந்த ஆட்டம் உங்களுக்கு அத்துப்படின்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"ரத்தத்துல ஓடுதுல்லா."

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் ஆட்டக்காரி இறங்கி வந்து ஒருவர் இடுப்பில் பட்டுத்துணியைக் கட்டுவாள். கட்டப்பட்டவர் எழுந்துபோய் அவளோடு ஆட வேண்டும். அவள் வந்தாள். செல்வின் இடுப்பில் கட்டினாள். பெனிஸ்டன் போனைத் தூக்கினார். இடறினால், செல்வினுக்கு முன்னால் அவருடைய மானம் தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிடும்.

மேடையில் கால் இரண்டும் கல்லாகிவிட்டன. ஜென்மத்தில் ஆடியதில்லை, பாட்டுக்குக் கைதட்டச் சொன்னால்கூட முந்தியோ பிந்தியோ தட்டுகிறவர். ஆனால் கைக்குத் தெரிந்தது ஒன்று இருந்ததே. ஆள்காட்டி விரல் தானாக மேலே போய் வட்டமடித்தது: தூக்கு. கை பக்கவாட்டில் நீண்டது: இடது பக்கம் திருப்பு. விரல் கீழே பார்த்துச் சுழன்றது: மெதுவா இறக்கு. அந்தப் பெண் அவர் காட்டியபடியே எழும்பினாள், திரும்பினாள், விசிறியை மடக்கித் தரைவரை தாழ்ந்தாள். கடைசியில் முஷ்டியை மூடினார்: நிறுத்து. அவளும் நின்றாள், மேளமும் நின்றது. மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

"நெசமாவே தெரியுது அண்ணாச்சி உங்களுக்கு," என்றார் பெனிஸ்டன், போனை இறக்காமல்.

செல்வின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. ஜெயஷீலா மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் கையை ஆட்டிச் சரக்கு இறக்குகிற மனிதரோடு குடும்பம் நடத்துகிறவர் அல்லவா?

அப்போது மேளக்காரப் பெரியவர் ஒருவர் வந்து செல்வின் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகப் பேசினார். கைடு அதை இங்கிலீஷில் சொன்னார். ஜெயஷீலா காதைத் தீட்டிக் கேட்டார்.

"என்னளா சொல்லுதாரு?"

"உங்க கையப் பாத்த பெறகு அவருக்குச் சந்தேகமே இல்லையாம்."

"பாத்தியா. எதுல?"

"அவங்க முன்னோருங்க கப்பல்ல வந்து நம்ம ஊருக்கு இந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுத்திருக்காங்களாம். இவ்வளவு காலம் பத்திரமா வச்சிருக்கதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லுதாரு."

செல்வின் வாயைத் திறந்தார். மறுக்க வேண்டுமென்றால், ஆடியது கிரேன் சைகை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பெனிஸ்டனின் போன் இன்னும் இறங்கவில்லை.

"தேங்க்யூ," என்றார் செல்வின்.

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதைக் கேட்டதும், 'அதெப்படி, இங்கிருந்துதானே அங்கே போனது' என்று உள்ளுக்குள் சுருக்கென்று ஒரு கோபம் வந்ததா? வந்திருந்தால் நேரே போய் அவரிடமே வழக்காடுங்கள். துணைக்குச் செல்வினைக் கூப்பிடாதீர்கள். அவர் வர மாட்டார்.