நான் இறந்துபோனது குறித்து மச்சானுக்கு

அன்புள்ள மச்சான் ராஜ்கமலுக்கு,

மரக்காணத்திலிருந்து மாமா பஞ்சநாதன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். என் சுகத்தில்தான் சந்தேகம். நான் இறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். போனில் சொன்னால் உன் அக்கா அமுதவல்லி பிடுங்கிவிடுவாள், அதனால் கடிதம்.

போன வாரம் உப்பளத்துக்குப் போனால், என் உப்புக் குவியலின் நீலத் தார்ப்பாய் பச்சையாக இருக்கிறது. மாற்றிவிட்டான் என்று பக்கத்துப் பாத்தி ராஜாங்கத்தின் சட்டையைப் பிடித்தேன். "இன்னாண்ணே, உன்னுது நீலமாத்தான இருக்குது!" என்றான். வேலையாட்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். உச்சி வெயில், ஆனால் வெயிலிலும் நிறமில்லை. வீட்டுக்கு வந்தால் தட்டில் வெறும் வெள்ளைச் சோறு. உன் அக்காவைக் கேட்டால், "எலுமிச்சஞ்சோறுதாங்க" என்கிறாள். நிமிர்ந்து பார்த்தேன் மச்சான். அவள் முகத்தில் மஞ்சளே இல்லை. தாலிக்கயிறு வெள்ளைவெளேர் என்று தொங்குகிறது. "மஞ்சள் எங்கடீ?" என்றேன். "இப்பத்தான பூசிக்கினு வந்தேன், மஞ்சளாத்தான் இருக்குது" என்று சிரிக்கிறாள். புருஷன் செத்ததை அவனிடமே எப்படிச் சொல்வாள், பாவம்! கடைக்குப் போய்ப் பீடி கேட்டேன். கடைக்காரன் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, என்னை ஊடுருவிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதோடு எனக்கு உறுதியாகிவிட்டது. செத்தவனுக்குச் சர்க்கரை மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டேன். நீ வந்து பார்த்து, உண்மையை மட்டும் சொல்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. இறந்தவன் ஆசி பலிக்குமா தெரியாது, இருந்தாலும் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
(இருந்த) பஞ்சநாதன்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பியவனை உன் அக்கா வழிமறித்துப் புதுச்சேரி கண் டாக்டரிடம் இழுத்துப் போய்விட்டாள். நான் உயிரோடுதான் இருக்கிறேனாம். பல வருஷச் சர்க்கரை விழித்திரையைக் கெடுத்திருக்கிறது, அதனால்தான் நீலமும் மஞ்சளும் குழம்புகின்றனவாம். மாத்திரையை விட்டதற்கு நல்ல திட்டு. வைத்தியம் ஆரம்பித்தாயிற்று. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. ஆனால் உடனே புறப்பட்டு வா. டாக்டர் உன் அக்காவுக்கும் சர்க்கரை பார்த்தார், என்னைவிட அதிகம். ஒரு அட்டையைக் காட்டி நிறம் கேட்டார். நான் சொன்ன தப்பான பதிலையே அவளும் சொன்னாள். "அப்ப மஞ்சளா இருக்குதுன்னு எப்படிடீ சொன்ன?" என்றேன். "பூசினது மஞ்சள், அதான் சொன்னேன். மஞ்சளைப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க" என்றாள்.