அத்தான் நாலு தரம் செத்த ஞாயிற்றுக்கிழமை

உரும்பிராய்,
14.06.1994

அன்பும் பொறுமையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, அருந்ததி எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் மாமியும் சுகம். நீங்களும் அங்கே சுகம் என்பதை நேற்று முன்தினம் ஊரே கூடி நின்று எண்ணி உறுதி செய்துவிட்டது. அந்த வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் ஆளிடம் கொடுத்தனுப்பிய வீடியோ கசற் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. "தொலைக்காட்சி நாடகம், முக்கிய பாத்திரம், நான் இல்லாவிட்டால் கதையே இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். மூன்று மாதத்தில் வருகிறேன் என்று கொழும்புக்குப் போய் நாலு வருஷம். பாதை பூட்டி, கரன்ற் நின்று, ரெலிபோனும் செத்து, உங்கள் முகத்தைக் கல்யாண அல்பத்தில் பார்த்துப் பார்த்து அந்தப் பக்கம் கழன்றே போயிற்று. முகத்துக்காவது அல்பம் இருக்கிறது, குரலுக்கு நான் எங்கே போவேன்? அளவெட்டி மேடையில் நீங்கள் இராசா வேஷத்தில் "ஆரங்கே!" என்று ஒரு சத்தம் போட்டால், மைக் இல்லாமலே வீதியில் கச்சான் கடலை விற்கிறவள் எழும்பி நிற்பாள். அந்தக் குரலைக் கேட்கப் போகிறேன் என்று இரண்டு நாளாய் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களிடம் மறைப்பானேன், ஞாயிறு பின்னேரம் புதுச் சீலையும் உடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு விடுகிற செல்வரட்ணம் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் கொண்டுவந்து இறக்கினார். யன்னலுக்குச் சீலை கட்டி, கதவைச் சாத்தி, நானும் மாமியும் முன்னுக்கு இருந்தோம். அரை மணித்தியாலம் யார் யாரோ வந்து காணிச் சண்டை பிடித்தார்கள், உங்களைக் காணோம். "எங்கையடி என்ரை பிள்ளை?" என்று மாமி. "பெரிய நடிகர்மார் பிந்தித்தான் வருவினம் மாமி" என்று நான். பிந்தித்தான் வந்தீர்கள், நாலு பேர் தூக்கிக்கொண்டு. மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை. "ஆரங்கே" என்று கேட்ட அந்த வாயைத் தாடையோடு சேர்த்துச் சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டினவன் கையில் கட்டு வர! மாமிக்குக் கண்ணில் பூ விழுந்தது உங்களுக்குத் தெரியும்தானே. ஜெனரேற்றர் இரைச்சலில் நான் "நடிப்பு, நடிப்பு" என்று கத்தினது கேட்கவுமில்லை. "ஐயோ என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியே" என்று தொடங்கிவிட்டா. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் மூன்று நிமிஷம்தான் வந்தீர்கள் அத்தான், எனக்குக் காணாது. செல்வரட்ணத்திடம் திருப்பிப் போடச் சொன்னேன். பிறகும் சொன்னேன். நீங்கள் மூன்று தரம் செத்தீர்கள், மாமி மூன்று தரம் ஒப்பாரி வைத்தா, மூன்றாம் தரம் நானும் சேர்ந்து அழுதுவிட்டேன். அந்த நேரம் பார்த்து எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது. எங்கள் அழுகை மட்டும் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

அடுத்த வளவுச் சிவக்கொழுந்து அக்கா ஓடிவந்தா. வந்தவ ஒரு கேள்வி கேட்கவில்லை. செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று நேரே குசினிக்குப் போய், புட்டு அவிந்துகொண்டிருந்த அடுப்புக்குள் ஒரு வாளி தண்ணியை ஊற்றிவிட்டுத்தான் என்னைக் கட்டிப்பிடித்தா. "அக்கா, அவர் நடிச்சவர்" என்றேன். "ஓம் பிள்ளை, நல்லா நடிச்சவர், ஆர் இல்லையெண்டது? எங்கடை வீட்டுக் கோப்பி வருகுது, குடி" என்றா. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம், என் புதுச் சீலையைப் பார்த்து இன்னும் கூட அழுதா. கால் மணித்தியாலத்தில் சனம் நிறைந்துவிட்டது, சோறும் கறியும் வந்துவிட்டது, வாசிகசாலைப் பலகையில் "மேடைச் சிங்கம் அருளம்பலம் கொழும்பில் காலமானார்" என்று வெண்கட்டியால் எழுதியும் விட்டார்கள். பெயரை நானாக எழுதவில்லை, பலகையில் இருந்ததைத்தான் எழுதுகிறேன். உங்கள் நாடகம் ஒவ்வொன்றுக்கும் முன்வரிசையில் இருந்து கொட்டாவி விட்ட நமசிவாயம் மாஸ்ரர் முற்றத்தில் எழும்பி, உங்களைப் போல ஒரு நடிகன் இந்த மண்ணில் இனிப் பிறக்க மாட்டான் என்று பேசினார். நீங்கள் இருந்து கேட்டிருக்கவேணும். கேட்க நீங்கள் உயிரோடு இருந்ததுதான் அங்கே இடைஞ்சல்.

நான் பத்திரகாளி மாதிரி எழும்பினேன். "எண்ணெய் கொண்டு வாங்கோ, இப்பவே காட்டிறன்!" மண்ணெண்ணெயை மருந்து போல வைத்திருக்கிற காலத்தில் நாலு வீட்டார் சோடாப் போத்தலில் கொண்டுவந்து ஊற்றினார்கள். நீங்கள் நாலாம் தரம் செத்தீர்கள். எல்லாரும் தலை குனிந்து நிற்க, மாஸ்ரர் துள்ளி எழும்பினார். "அழுகையை நிப்பாட்டுங்கோ! வயித்தைப் பாருங்கோ! ஏறுது, இறங்குது!" பிறகென்ன, ஊரே சேர்ந்து எண்ணியது. பதினேழு மூச்சு. பதினேழாவதுக்குத் தட்டினார்களே ஒரு கைதட்டு, இருபது வருஷம் இராசாவாய் நின்றும் உங்களுக்கு அப்படி விழவில்லை. சிவக்கொழுந்து அக்கா மட்டும் அடுப்பைப் பற்றி இன்னும் ஒன்றும் கதைக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு யோசித்தேன். பிணமாய்க்கூட ஒழுங்காய் நடிக்கத் தெரியாத மனுஷன் என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். அந்த வயிறு ஏறி இறங்கினதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் யாருக்குச் சொல்ல? விலா எலும்பு தெரிகிறது. யார் உங்களுக்குச் சமைத்துத் தருகிறது? ராவும் பகலும் இதே நினைப்பாய்க் கிடக்குது அத்தான்.

ஆனாலும் எங்களுக்காக அவசரப்பட்டு வெளிக்கிட வேண்டாம். கலைதான் உங்களுக்கு முக்கியம், எனக்குத் தெரியும். நான் தைரியமாகவே இருக்கிறேன், நாலு வருஷம் பழகியாயிற்று, இன்னும் நாலு வருஷமும் இருப்பேன். மாமியின் ஆசீர்வாதம், ஊராரின் சுகவிசாரிப்பு, கடைசியில் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அருந்ததி

பி.கு: மேலே தைரியம் என்று எழுதினது முழுப்பொய். கடிதம் கொண்டுவர இருந்த மனுஷன் பயணத்தை நிப்பாட்டிப்போட்டார். எனக்கு ஊரை விட்டு வெளிக்கிடப் பாஸ் கிடைச்சிட்டுது, கிளாலிக் கடலாலை வள்ளம் ஏறி வாறன். "என்னைச் சிவக்கொழுந்து பாப்பாள், நீ போய்க் கிட்ட நிண்டு அவன் மூச்சு விடுறானோ எண்டு பார்" எண்டு மாமிதான் கலைச்சு விட்டவ. இந்தக் கடிதத்தை உங்கடை கையிலை தந்தது நான்தான், முன்னாலைதான் நிக்கிறன். மனசுக்குள்ளை வாசிக்காதேங்கோ. முதல் வரியிலையிருந்து சத்தமாய் வாசியுங்கோ.