உச்சிப் புத்தகத்தில் கடைசிப் பெயர்

மலையேறிகள் சங்கத்துக்குத் தலைவராகியே தீருவது என்று போகோமிர் முடிவு செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு, எடை நூற்று நான்கு கிலோ, கடைசியாக மலையேறி வருஷம் இருபது. இதில் எதுவுமே அவருக்கு இடைஞ்சலாகத் தெரியவில்லை. தெரிந்தது பக்கத்து வீட்டு லோய்ஸேவுக்குத்தான். அவரும் அதே நாற்காலிக்குக் குறி வைத்திருந்தார்.

"மலையே ஏறாத ஆளு மலைச் சங்கத்துக்குத் தலைவரா?" என்று போவெட்ஸ் ஊரில் பாதி உட்கார்ந்திருந்த பீர்க் கடையில் லோய்ஸே கேட்டுவிட்டார். "இந்த வருஷத்து முத்திரை ஒண்ணே ஒண்ணு காட்டட்டும். நானே கை தூக்கறேன்."

அந்தப் பக்கத்து மலைகளில் உச்சிக்கு உச்சி ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு முத்திரை, ஒரு புத்தகம். ஏறியவர் தன் கையேட்டில் முத்திரையைக் குத்திக்கொண்டு, உச்சிப் புத்தகத்தில் பெயரை எழுதிவிட்டு இறங்குவார். காவலுக்கு ஆள் கிடையாது. கோயில் உண்டியலில் கை வைத்தவனைக்கூட ஊர் மன்னித்துவிடும். ஏறாமல் முத்திரை வாங்கினவனை மன்னிக்காது.

"முத்திரைதானே? ஞாயித்துக்கிழமை மாங்கர்ட். வாசல்லேர்ந்தே சைக்கிள். சாலை முடியற இடத்துலேர்ந்து நடை," என்று போகோமிர் அறிவித்தார். அப்போது அவர் மூன்றாவது பீரில் இருந்தார்.

வீட்டில் மனைவி நேஷா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்தப் பாதைங்க?"

மாங்கர்ட் இத்தாலி எல்லையில் நிற்கிற மலை. மேலே போக இரண்டு பாதை. நம் பக்கத்துப் பாதை செங்குத்துப் பாறையில், இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியது. மற்றது இத்தாலிப் பக்கமாகச் சுற்றிப் போவது. சுலபம். அதில் போனவர்கள் போனதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

"நம்ம பாதைதான். இத்தாலிப் பாதையில போக நான் என்ன ஊர் சுத்திப் பார்க்க வந்தவனா?"

"சரிங்க. ரொட்டி ரெண்டு வைக்கவா, நாலு வைக்கவா?"

"ஆறு," என்றார் போகோமிர்.

ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினார். முதல் ஒரு மணி நேரம் சைக்கிள் அவரைச் சுமந்தது. அதற்கப்புறம் அவர் சைக்கிளைத் தள்ளினார். வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கியது. அதைவிட மோசம், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். பின்னால் கார் சத்தம் கேட்டால் போதும், சுவர்ப் பக்கம் திரும்பி, பாறையை ஆராய்ச்சி செய்கிறவர் மாதிரி நின்றுவிடுவார். மூன்றாவது குகைப் பாதையில் ஒரு கார் ஹாரன் வேறு அடித்தது. மூக்கு சுவரில் படுகிற அளவுக்கு ஆராய்ந்தார். எழுபது வயது இத்தாலியக் கிழவி ஒருத்தி பேட்டரி சைக்கிளில் அவரைத் தாண்டிப் போனாள். போகிறபோது, "இன்னும் கொஞ்சந்தான்" என்று ஆறுதல் வேறு சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாலை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மலையேறிகள் தங்கும் குடில். அங்கே பத்து மணிக்குப் போய் விழுந்தார். ஒரு கிண்ணம் பார்லி சூப் குடித்தார். ஜன்னல் வழியாக உச்சியைப் பார்த்தார். இன்னொரு கிண்ணம் சொன்னார். இரண்டு முழங்காலும் ஒரே குரலில் முடியாது என்றுவிட்டன.

பக்கத்து மேஜையில் ஒரு செக் நாட்டுக்காரர், பனைமர உயரம், பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். போகோமிர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவரிடம் நகர்ந்தார்.

"ஐயா, எனக்கு நெஞ்சு சரியில்ல. இனிமே ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்." நெஞ்சில் கை வைத்தார், பதற்றத்தில் வலது பக்கம் வைத்துவிட்டார். "கடைசியா ஒரே ஒரு ஆசை. இதுல முத்திரை குத்தி, மேல புத்தகத்துல என் பேரையும் எழுதிடுவீங்களா?"

செக் நாட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கையேட்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். கையேட்டைக் கொடுத்து, போகோமிரைக் கட்டிக்கொண்டார். அந்த நல்ல மனுஷனின் தோளில் முகம் புதைந்திருந்தபோது போகோமிருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அது கரையட்டும் என்று மூன்றாவது சூப் சொன்னார். கரையவில்லை.

இறக்கத்தில் மட்டும் சைக்கிள் பிரமாதமாகப் போனது.

வீட்டில் நேஷா வாணலியில் ஃப்ரிகா புரட்டிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் முறுகுகிற வாசனை. அவர் கையேட்டை மேஜையில் விரித்து வைத்தார்.

"ஏறிட்டீங்களா?"

"ஏறாம?"

"இரும்புக் கயித்துப் பாதையிலயா?"

"ஒரு கையால பிடிச்சு ஏறினேன். இன்னொரு கையில ரொட்டி."

"மேல கூட்டம் இருந்துச்சா?"

"ஈ காக்கா இல்ல. நானும் காத்தும்தான்."

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"மத்தவங்கெல்லாம் பாதியிலயே திரும்பிட்டாங்க. பாவம், தெம்பு இல்ல."

"புத்தகத்துல பேரு எழுதினீங்களா?"

"என் கையாலயே. கொட்டை எழுத்துல."

நேஷா அடுப்பை அணைத்தாள். அலமாரியைத் திறந்து, மழையில் ஊறி உப்பிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கையேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாங்கர்ட் உச்சிப் புத்தகம். கடைசிப் பக்கம், கடைசி வரி. போகோமிரின் பெயர். கொட்டை எழுத்துதான். மாவு, உப்பு, சோப்பு என்று நேஷா எழுதித் தினமும் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்கும் அதே கொட்டை எழுத்து.

பெயருக்கு நேரே எங்கிருந்து, எங்கே என்று இரண்டு கட்டங்கள். எங்கிருந்து என்ற கட்டத்தில் 'குடிலிலிருந்து' என்று எழுதியிருந்தது. எங்கே என்ற கட்டத்தில் 'குடிலுக்கு'.

"இது... இது எப்படி இங்க வந்துது?"

"புத்தகம் ரொம்பிப்போச்சுங்க. பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கப் போயிருந்தேன். பதினெட்டு வருஷமா இந்த வேலையை யாரு செய்யறான்னு நெனச்சீங்க?"

போகோமிர் நினைத்ததே இல்லை. அவள் அக்காவைப் பார்க்கப் போகிறாள் என்று இருந்துவிட்டார்.

"குகைக்குள்ள ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா? நம்ம காரைக்கூடப் பார்க்காம சுவத்தையே பார்த்துட்டு நின்னீங்க."

அவர் இப்போதும் சுவரைத்தான் பார்த்தார்.

"மேல ஒரு செக் நாட்டுக்காரர் வந்தார். கீழ ஒருத்தர் சாகக் கிடக்கறார், எனக்குக் கை நடுங்குது, நீங்க எழுதுங்கம்மான்னார். பேரைச் சொன்னார். அங்க பதினோரு பேரு இருந்தோம். எல்லாரும் தொப்பியைக் கழட்டி ஒரு நிமிஷம் மௌனமா நின்னாங்க. நானும் நின்னேன். ரெண்டு இத்தாலிக்காரங்க அழுதுட்டாங்க."

போகோமிருக்குக் காது மடல் வரை சுட்டது. பொய் அம்பலமானதைக்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பதினோரு தொப்பிகளைத் தாங்க முடியவில்லை. தன் மனைவி, தனக்காக, தலை குனிந்து நின்றிருக்கிறாள்.

"தப்புதான் நேஷா," என்றார் தரையைப் பார்த்து. "ஊருக்குத் தெரிஞ்சா தலை காட்ட முடியாது."

"ஏன் தெரியப்போவுது? புத்தகம் சங்கத்து அலமாரிக்குப் போயிடும். நீங்க தலைவரா நின்னாத்தான் லோய்ஸே அதைப் பிரிச்சு உங்க பேரைத் தேடுவான்."

"அப்போ நிக்கல."

"நிக்கலைன்னா ஏன் நிக்கலைன்னு தேடுவான்."

"அப்போ என்னதான் செய்ய?"

நேஷா ஃப்ரிகாவை இரண்டாக வெட்டி, பெரிய துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

"என்னை விடத் தகுதியான ஆளு எங்க வீட்டுலயே இருக்குன்னு எழுந்து சொல்லுங்க. உங்க பெருந்தன்மையைப் பார்த்து அவன் வாயடைச்சுப் போவான்."

சனிக்கிழமை கூட்டத்தில் போகோமிர் எழுந்தார். சொன்னார். ஊர் கை தட்டி, நேஷாவுக்காகக் கை தூக்கியது. லோய்ஸேவே அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "உன்னைத் தப்பா நெனச்சுட்டேம்ப்பா" என்றபோது, மறுபடியும் தரையைப் பார்த்தார்.

புதுத் தலைவி நேஷா மேடையேறி நன்றி சொன்னாள். தலைமைப் பொறுப்பு வந்துவிட்டதால் உச்சிப் புத்தகம் மாற்றும் வேலையை இனித் தன்னால் பார்க்க முடியாது என்று வருத்தம் தெரிவித்தாள். ஆகவே மாங்கர்ட்டோடு சேர்த்துச் சுற்றியுள்ள ஒன்பது சிகரங்களுக்கும் அந்தப் பொறுப்பை, ஒரு கையால் ரொட்டி தின்றுகொண்டே இரும்புக் கயிற்றில் ஏறுகிற தன் கணவரிடம் ஒப்படைப்பதாகவும், முதல் சிகரம் நாளைக் காலையிலேயே என்றும் அறிவித்தாள்.