கூரை மூழ்கிய சேதி

எங்கள் ஆட்கள் மத்தியில் ஒரு ஆண் அழுவதற்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. செத்தவீட்டில் அழலாம். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது அழலாம். விமான நிலையத்திலும் அழலாம், அது பழைய காலத்தில். பெண் பார்க்கப் போன வீட்டில், வாயில் பாதிப் பயத்தம் பணியாரத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதவன், எனக்குத் தெரிந்தவரை நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு முப்பது கடந்திருந்தது. லண்டன் இல்ஃபோர்ட்டில் அம்மாவுடன் இருந்தேன். ஒரு காப்புறுதிக் கம்பனியில் தொலைபேசியில் முறைப்பாடு கேட்கும் வேலை. பகல் முழுக்க வெள்ளைக்காரரிடம் ஏச்சு வாங்குவேன். பின்னேரம் எலிசபெத் லைன் ரயிலில் ஏறி வந்து மிச்சத்தை அம்மாவிடம் வாங்குவேன். ஒரு மழை நாளில் வீட்டுக்குப் போக மனமில்லாமல், மலிவு டிக்கெட் எடுத்து ஒரு மியூசிக்கலுக்குள், பாட்டு நாடகத்துக்குள், நுழைந்தேன். அதன் உண்மைப் பெயரை இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. 'கூரை' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளத்தில் வீடு மூழ்க, கூரையில் ஏறி இருந்துகொண்டு, காப்பாற்ற வரும் படகுகளையெல்லாம் பாட்டுப் பாடித் திருப்பி அனுப்பும் ஒரு பெண்ணின் கதை அது. (ஓம், முழுக் கதையும் அவ்வளவுதான். இடைவேளைக்குப் பிறகும் அவள் கூரையில்தான் இருப்பாள்.) பிராட்வேயில் அதை அரைகுறையில் மூடிவிட்டார்கள். லண்டன் காப்பாற்றும் என்று நம்பி இங்கே கொண்டுவந்தார்கள். இங்கேயும் விமர்சகர்கள் கடித்துத் துப்பினார்கள். பாதி ஆசனங்கள் வெறுமையாகக் கிடக்கும்.

முன்வரிசையில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவி ஹெலன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான் மூன்றாம் தடவை போனபோது அவர் திரும்பிப் பார்த்து, "இன்றைக்குப் பிந்திவிட்டாய், உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறேன்" என்றார். லண்டனில் நான் வந்தேனா வரவில்லையா என்று அம்மாவைத் தவிர வேறொருவர் கவனித்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நான் அவர்களுடைய ஆள். அவர்களின் வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். அழிவு அதன் வழியாகத்தான் வந்தது.

கிங்ஸ்பரியில் ஒரு பெண்ணின் சாதகம் பொருந்தி வந்தது. பெயர் மயூரி. மருந்தாளராக வேலை பார்த்தார். அவருடைய அப்பா பாரிசில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டன் வந்து மளிகைக்கடை போட்டவர். அம்மாவின் தம்பி சிவா மாமா எங்களைக் காரில் கூட்டிப் போனார்.

"அங்கை போய் அந்தக் கூரைக் கதையை எடுக்காதை," என்றார் அம்மா.

"எடுக்க மாட்டன்."

"வாயைத் திறந்தால் வேலையைப் பற்றிக் கதை. இல்லாட்டிச் சாப்பிடு."

நான் சாப்பிடுவதைத் தேர்ந்தெடுத்தேன். எதிரே மயூரி இருந்தார். நிமிர்ந்து நேராகப் பார்க்கும் கண்கள். "ஓய்வு நேரத்திலை என்ன செய்வீங்கள்?" என்று அவர் கேட்ட அதே கணத்தில் என் ஃபோன் அதிர்ந்தது. யோசிப்பதற்கு அவகாசம் கிடைத்ததென்று எடுத்துப் பார்த்தேன். ஹெலன் எழுதியிருந்தார். கூரையை மூடுகிறார்கள். அடுத்த வாரத்தோடு சரி.

இன்னும் ஒரு வருடத்துக்காவது ஓடும் என்று நம்பியிருந்தேன். பணியாரம் தொண்டையில் நின்றது. முதலில் கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு மூக்காலும் வந்தது. அதற்குப் பிறகு, எனக்கே பழக்கமில்லாத ஒரு சத்தம் வந்தது.

"என்ன தம்பி, உறைக்குதோ?" என்றார் மயூரியின் அப்பா.

"அது இனிப்பப்பா," என்றார் அவருடைய மனைவி.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தம்பி, என்னடா? ஆர்?"

"முடிஞ்சுதாம் அம்மா," என்றேன். அதற்குமேல் பேச ஏலவில்லை.

ரொறன்ரோவில் அம்மாவின் மூத்த அண்ணர் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். "பெரியண்ணையோ?" என்று அம்மா கேட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். (எங்கள் தலையாட்டலில் ஓமும் இல்லையும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. விம்மலோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.) அம்மா தலையில் கை வைத்து, "என்ரை அண்ணை, ஒரு சொல்லும் சொல்லாமல் போட்டியளே" என்று தொடங்கிவிட்டார்.

அதன்பிறகு நடந்தவை எல்லாம் மிக ஒழுங்காக நடந்தன. மயூரியின் அம்மா பலகாரத் தட்டை எடுத்து உள்ளே வைத்தார். சாமியறைத் திரையை இழுத்து மூடினார். மயூரி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவருடைய அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மாமாவின் பக்கம் சாய்ந்தார்.

"குறை நினையாதேங்கோ. அப்ப சாவுத் துடக்கு எத்தினை நாள்?"

"எனக்கு முப்பத்தொண்டு," என்றார் மாமா, கண்ணைத் துடைத்தபடி. "அக்கா கட்டிக்குடுத்த பிள்ளை, அவவுக்குக் குறைவு."

"அப்ப இந்தப் பேச்சை அதுக்குப் பிறகு வைப்பம்."

மாமா ரொறன்ரோவுக்கு ஃபோன் எடுத்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அங்கே காலை நேரம்.

"ஹலோ, ஆரது?" என்றார் செத்துப்போன பெரியமாமா. "கொஞ்சம் பொறுங்கோ, வாயிலை புட்டு."

 பெரியமாமா மட்டும் ஆரது, ஆரது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிவா மாமா ஃபோனை வைத்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப ஆர் தம்பி முடிஞ்சது?" என்றார் மயூரியின் அப்பா.

வேலை போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். பல்லுக்குத்து என்று சொல்லியிருக்கலாம். நானோ உண்மையைச் சொன்னேன். அதிலும் சுருக்கமாகச் சொல்லவில்லை. வெள்ளத்தில் தொடங்கி, படகுகள் ஒவ்வொன்றாக வருவதைச் சொல்லி, ஆசனங்கள் வெறுமையாகக் கிடப்பதுவரை போனேன். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியிலை அவ இறங்குறாவோ?" என்று மயூரி கேட்டார். அந்த அறையில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"இல்லை," என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். பகிடிக்குக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. இவரையே கட்டலாம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வாசலில் அவருடைய அப்பா என் கையைப் பிடித்து, "உடம்பைப் பாருங்கோ தம்பி" என்றார். ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருப்பவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னார். சில நாளில் பதில் வந்தது. பிள்ளை மேலே படிக்கப் போகிறாவாம்.

அம்மா என்னுடன் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "எனக்கு அந்தக் கூரையைக் காட்டு" என்றார்.

கடைசிக் காட்சி ஞாயிறு மத்தியானம். ஹெலனும் மற்றவர்களும் தியேட்டர் வாசலில் மழைக்குள் நின்றார்கள். எல்லாருடைய கண்ணும் வீங்கியிருந்தது. அம்மா சாம்பல் நிறச் சேலை உடுத்து வந்திருந்தார். அவருக்கு இப்படியான கூட்டத்தில் என்ன செய்யவேண்டும் என்று நன்றாகத் தெரியும். நேரே போய் ஹெலனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெலன் அவருடைய தோளில் சாய்ந்து அழுதார்.

உள்ளே கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்று, மேடையோடு சேர்ந்து பாடி அழுதார்கள். நானும்தான். அம்மா மட்டும் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டார். "அவள் ஏன் படகிலை ஏறேல்லை?"

"அது அவளின்ரை வீடம்மா."

"படகு வந்தால் ஏறவேணும். ஊரை விட்டு வரேக்கை நாங்கள் ஏறினனாங்கள். வீட்டைப் பாத்துப் பாத்து ஏறினனாங்கள்."

அதற்குப் பிறகு இல்ஃபோர்ட் வரை நான் என் ஈரச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் தியேட்டர் பலகையில் வேறு பெயர் ஏறியது. குழுவில் சில நாள் அழுகைப் படங்கள் வந்தன. பிறகு பிறந்தநாள் வாழ்த்துகள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. ஹெலன் இப்போது எங்கே இடம் பிடித்து வைக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் மட்டும் கூரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே எதை மூடினாலும் அம்மா முதலில் எனக்குத்தான் ஃபோன் எடுத்து, நான் உட்கார்ந்திருக்கிறேனா என்று விசாரிப்பார். "தம்பி, இருக்கிறியோ நிக்கிறியோ? மனசைத் தளர விடாதை. ஸ்டேஷனடி மீன்கடையைப் பூட்டுறாங்களாம்." பின்னால் சிவா மாமா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும். பாங்க் மூடியபோதும் அப்படித்தான். செவன் கிங்ஸில் மாமா தலைமயிர் வெட்டும் சலூன் மூடியபோதும் அப்படித்தான்.

போன வருடமும் ஒருநாள் ஃபோன் வந்தது. நான் பஸ் தரிப்பில் நின்றேன்.

"தம்பி, இருக்கிறியோ நிக்கிறியோ?"

"நிக்கிறன் அம்மா. இப்ப எந்தக் கடை?"

"இருந்து கேள்," என்றார். "கிங்ஸ்பரிப் பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்திட்டுதாம்."

நான் தரிப்பில் கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். மாமாவும் அங்கேதான் இருந்திருக்கவேண்டும். அவருடைய இருமல் கேட்டது. சிரிப்பு மட்டும் வரவில்லை.